பீலி வற்றிய செய்தி

அன்புள்ள செல்வி,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதென்றால் இப்போதே திட்டி முடித்துவிட்டு மேலே படி. அம்மா சுகம், முழங்கால்தான் சுகமில்லை. சின்னவன் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுப் போனும் கையுமாகக் கிடக்கிறான். மற்றபடி எல்லாரும் நலம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நமது பீலி வற்றிவிட்டதடி. மேட்டுலயத்து வீட்டு வரிசை முழுக்கக் குடிக்கிற அந்த ஊற்றுத் தண்ணீர்ப் பீலி.

வெயில் மாதத்தில் மெலியும், அது நமக்குத் தெரியும். இந்த முறை மாசி முடிவதற்குள் நூலாகி, அப்புறம் சொட்டாகி, ஒரு நாள் காலையில் குடத்தோடு போனவர்கள் குழாய் வாயில் எறும்பு ஊர்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். "இந்தப் பீலி நின்னா நான் போயிட்டேன்னு வச்சுக்க" என்று உன் அப்பாயி சொல்லுமே, அது போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் பீலி நின்றிருக்கிறது. அவசரப்பட்டது அப்பாயிதான்.

இப்போது இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீர் பவுசர் லொறி வருகிறது. அதுவும் கொழுந்து எடுக்கப் போனவர்கள் மலையில் நிற்கும் நேரமாகப் பார்த்து வரும். வீட்டில் இருக்கிற கிழவிகளும் பிள்ளைகளும் வாளியோடு ஓடுகிறார்கள். என் வகுப்பில் நாலு பேர் அன்றைக்குப் பள்ளிக்கூடமே வருவதில்லை. கேட்டால் "தண்ணி டீச்சர்" என்கிறார்கள், காய்ச்சல் என்று சொல்வது மாதிரி.

ஆளாளுக்கு ஒரு காரணம். கோயில் திருவிழாவில் குறை வைத்தோம் என்று ஒரு கூட்டம், மழை குறைந்துவிட்டது என்று ஒரு கூட்டம். மழையாவது குறைவதாவது! போன வருஷம் பெய்த மழையில் கீழ்லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து ரெண்டு கோழிக்கூடு போனது. பெய்கிற தண்ணீர் மலையில் நிற்பதில்லை, அதுதான் கதை. முன்பு மாதிரி சரிவில் தண்ணீரை மறிக்கிற கான் வெட்ட ஆளில்லை. வெட்டின கானிலும் மண் நிரம்பிப் புல் முளைத்துக் கிடக்கிறது. தேயிலை செத்த இடமெல்லாம் மொட்டைத் தரை. மழைத் தண்ணீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு நேரே ஆற்றுக்கு ஓடி அணைக்கட்டில் போய்ப் படிகிறது. ஐப்பசியில் நம்மைப் புதைக்கப் பார்க்கிற அதே தண்ணீர் மாசியில் குடிக்க இல்லை.

நேற்று சின்னவனோடு ஊற்றுக்கண் வரைக்கும் ஏறிப் போனேன், அட்டை கடிக்குமோ என்று சவர்க்காரம் பூசிக்கொண்டு. ஒரு அட்டைகூட இல்லை செல்வி! அட்டை இல்லையே என்று கவலைப்படுகிற காலம் வந்துவிட்டது. காலடியில் காய்ந்த இலை சரசரக்கிறது, சுற்றிலும் டர்பன்டைன் மரம், அதுதான் யூகலிப்டஸ், தலையை அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரம். அங்கே நின்றபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதில் முன்வரிசை நாம் வைத்ததுதானே? எட்டாம் வகுப்பில், தொப்பி சார் தலைமையில், ஆளுக்கு ஐந்து கன்று. நீ ஆறாவதையும் வைத்துவிட்டுப் பரிசு கேட்டாய்.

நாம் வைத்த நாற்பது கன்றா ஊற்றைக் குடித்தது என்று கேட்பாய். இல்லைதான். அதற்குப் பிறகு கம்பெனிக்காரர்கள் தேயிலை சரிப்படாத மலை முழுக்க அதையே நட்டார்கள். தேயிலை ஆலை ஸ்டோரில் கொழுந்து காய வைக்க விறகு வேண்டும், மரம் விற்றால் காசும் வரும். அந்த மரம் வேகமாக வளரும், அதற்குத் தகுந்த மாதிரித் தண்ணீரும் இழுக்கும். நீலகிரியில் புல்வெளியாக இருந்த இடத்தில் யூகலிப்டஸ் வைத்தபிறகு ஓடைத் தண்ணீர் குறைந்ததை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

சும்மா மரத்தையும் குறை சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் இந்த இலங்கை மலையில் கோப்பி (காப்பி) போட என்று காட்டை அழித்தான், 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து எல்லாம் அழிந்ததும் அதே மொட்டை மலையில் தேயிலையைப் போட்டான். 1873இல்தான் 5,000 அடிக்கு மேலே காட்டை வெட்டாதே என்று நிறுத்தினார்கள். சிவனொளிபாத மலைப் பக்கம் இன்றைக்கும் காடு நிற்கிறதென்றால் அதுவும் ஒரு காரணம், 2010இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமை என்று அறிவித்தது. நாம் 5,000 அடிக்குக் கீழே. நமக்கு மிஞ்சியது ஊற்றைச் சுற்றியிருந்த அந்தத் துண்டுக் காடு மட்டும்தான், அதையும் நம் தலைமுறையில் தீர்த்தோம்.

தோட்டத்து மனேஜர் பெரிய துரையிடம் போனோம். மரம் கம்பெனியின் சொத்து, தொட முடியாது என்றார். நூற்றைம்பது வருஷமாக இந்த மண்ணைக் கொத்துகிறவர்களுக்கு ஒரு மரத்தைப் பிடுங்க உரிமையில்லை. பண்டாரவளைப் பக்கம் உமா ஓயா நீர்த்திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது கிணறு வற்றி வீடு வெடித்தவர்களாவது ரோட்டில் இறங்கிக் கத்தினார்கள், அது அவர்கள் வீடு, அவர்கள் கிணறு. நாம் லயத்தில் நின்று யாரைப் பார்த்துக் கத்துவது?

ராத்திரியில் எனக்கு மீரியாபெத்தைத் தோட்டத்து ஞாபகம்தான் வருகிறது. 2014இல் மண் வந்து லயத்தையே மூடியதே, அதற்கு முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள், போவதற்கு இடம்தான் கொடுக்கவில்லை. கீழ்லயத்துக்கு மேலே தரையில் ஒரு வெடிப்பு இருக்கிறது. என் கை போகும். அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் போனில் உளறிவிடாதே.

பேசி ஒரு வழிக்கு வந்தது இவ்வளவுதான்: ஊற்றைச் சுற்றி முப்பது அடிக்கு மட்டும் டர்பன்டைனை எடுக்கவும், பழைய மரங்களை நடவும் துரை தலையாட்டினார், எழுத்தில் தரவில்லை. பழைய மரம் எது என்பதில்தான் இப்போது சண்டை. மூங்கில் என்கிறார் மாமா, காட்டு நாவல் என்கிறார் பழைய கணக்கப்பிள்ளை, ரெண்டு பேருக்கும் கண்பார்வை அந்தக் காலத்திலேயே சரியில்லை.

உன்னிடம் அந்த மரநடுகை நாள் படம் இருக்கிறதல்லவா? நாம் மண்வெட்டியோடு இளித்துக்கொண்டு நிற்கிறோம், பின்னால் ஊற்றுக்கண்ணும் மரங்களும் தெரியும். தகரப்பெட்டியைக் கிளறி எடுத்து, தெளிவாகப் படம்பிடித்து அனுப்பு. என் ரெட்டைச் சடையை மட்டும் உன் வீட்டுக்காரருக்குக் காட்டிவிடாதே.

உன்
புஷ்பா