மகளின் பங்கும் 1916-ஆம் ஆண்டுக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்பை மறைக்கும் தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்டு, 1859-ல் உரிமை பெற்ற மண் இது. ஆனால் மகளுக்குச் சொத்து என்றதும், குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் கணக்குதான் இன்னும் ஓடுகிறது. 1916-ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. கேரளத்தின் மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம், 1951-லிருந்தே அந்தச் சட்டம் செல்லாது என்றது. ஆகவே, கிறிஸ்தவத் தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. மிச்சம் ஆண், பெண் பிள்ளைகளுக்குச் சமமாக. இந்து வீடுகளிலும் தந்தையின் தனிச்சொத்தில் 1956 முதலே மகளுக்குச் சமபங்கு.

சிக்கல் கையெழுத்தில். கல்யாணப் பந்தல் பிரிக்கும் முன்னே "நகை போட்டாச்சுல்ல, ஒப்பு போடு மக்கா" என்று, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். தகப்பனார் உயிரோடிருக்கையில், அவருடைய தனிச்சொத்தில் வரப்போகும் பங்கை விட்டுக்கொடுப்பது சட்டப்படி சொத்து மாற்றம் ஆகாது. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு எழுதியிருந்தால் நீதிமன்றத்தில் அதுவே மகளுக்கு எதிராகத் திரும்பலாம். இறந்த பிறகு எழுதினால் முழுதாகச் செல்லும்.

வாரிசுச் சான்று மனுவில் கட்டிக்கொடுத்த மகளின் பெயரை விட்டுவிடுவது இன்னொரு அநியாயம். பட்டா மாறும் முன்பே வட்டாட்சியரிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும்.

விடுதலைப் பத்திரம் பதியும்போது, பங்கின் அளவையும் வழிகாட்டி மதிப்பையும் சார்பதிவாளர் அந்தப் பெண்ணிடம் தனியே சொல்லவேண்டும் எனப் பதிவுத்துறை உத்தரவிட வேண்டும்.

வாசகர், தக்கலை