பேய் எந்த மொழி பேசுகிறது?

ஆசிரியருக்கு,

உயர்தரத்தில் ஊடகக் கற்கை படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு படத்தைப் பற்றி எழுதச் சொன்னால் வருவது கதைச் சுருக்கமும் கடைசியில் ஒரு படிப்பினையும்தான். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்திரிகைகளின் சினிமாப் பக்கங்களும் அதைத்தான் செய்கின்றன. மேலதிகமாகப் புள்ளியும் போடுகின்றன. திருகோணமலையில் இப்பாடத்தையும் நாடகத்தையும் கற்பிப்பவர்கள் நாங்கள். கையில் உள்ள கருவிகளைக் கொண்டே இதை வேறு விதமாகச் செய்யலாம்.

பேய்ப்படம், காதல் படம் என்ற வகைமையைப் பிரித்துப் பார்க்க, சங்க இலக்கியத் திணைகளுக்குச் சொல்லப்படும் முதற்பொருள் (இடமும் காலமும்), கருப்பொருள் (அங்கே உள்ளவை), உரிப்பொருள் (உணர்வு) ஆகிய மூன்றும் போதும். பேய்ப்படத்துக்கு முதல்: பாழடைந்த பங்களா, நடுச்சாமம். கரு: பூட்டிய அறை, கொலுசுச் சத்தம், எலுமிச்சம்பழம். உரியைப் படம் நம்மில் எழுப்பும் உணர்வு என்று கொள்வோம் (புலவர்கள் கோபிக்க வேண்டாம்). உரிப்பொருள் தவிர்ந்தவை மயங்கலாம் என்கிறார் தொல்காப்பியர். பேயும் பகிடியும் கலந்த படங்களில் பங்களாவும் கொலுசும் அப்படியே இருக்க, உணர்வு மட்டும் சிரிப்பாகிறது. வழக்கமான பிழை, பிள்ளைகள் கண்ணில் பட்டதையெல்லாம் பட்டியலில் போடுவது. ஒன்றை எடுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எடுத்தும் பேய்ப்படமாகவே நின்றால் அது வெறும் அலங்காரம்.

அடுத்தது, படம் யாரை 'மற்றவர்', அதாவது நம்மில் ஒருவரல்லாத அயலார், ஆக்குகிறது என்பது. இதற்கு ஒரே கதையின் நான்கு வடிவங்கள் கிடைத்திருக்கின்றன. 1993இல் மலையாளத்தில் வந்த 'மணிச்சித்திரத்தாழு'வில் பேயாகச் சொல்லப்படும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நடனக்காரி. 2004இன் கன்னட 'ஆப்தமித்ரா'விலும் 2005இன் தமிழ்ச் 'சந்திரமுகி'யிலும் அவள் தெலுங்கு பேசுகிறாள். 2007இன் இந்தி 'பூல் புலையா'வில் வங்காளி. கதையின் எலும்புக்கூடு மாறவில்லை. உண்மையில் அங்கே பேயும் இல்லை, மனநோய்தான். நோய் வந்தவள் வீட்டுப் பெண். நோய் பேசுவதோ அயலார் மொழி. தெலுங்குக்காரியைப் பார்த்துப் பயந்த நாமே மலையாளப் படத்தில் பயமுறுத்தும் ஆட்களாக இருக்கிறோம் என்பதை வகுப்பில் விளக்க வேண்டியதில்லை. நான்கு பெயரையும் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் மொழியை எழுதினால் போதும்.

பிறகு படத்தின் மற்றவரைப் பற்றி ஒரு தாளில் நான்கு கேள்விகள். அந்த ஆளுக்குப் பெயர் உண்டா? வீடு, தாய், தொழில் உண்டா? வாய் திறந்தால் யாருடைய பேச்சு? முடிவில் கொல்லப்படுகிறாரா, குணமாக்கப்படுகிறாரா, வந்த இடத்துக்கே அனுப்பப்படுகிறாரா? இதே தாளை 'தெனாலி'க்குப் (2000) போட்டால் அங்கே மற்றவர் இலங்கைத் தமிழர். அவருக்குப் பெயர் உண்டு, படத்தின் பெயரே அதுதான், கதாநாயகனும் அவரே. ஆனாலும் சிரிப்பு வருவது அவர் பேச்சிலிருந்தும் பயத்திலிருந்தும். மற்றவர் என்றால் வில்லன் என்று எழுதிப் பழகிய பிள்ளை இங்கே தடுக்கி விழும், விழட்டும்.

ஆதிப்படிமத்தை (கதைக்குக் கதை திரும்பத் திரும்ப வரும் மூல உருவத்தை) பற்றிய பாடத்தை உளவியலாளர் யுங்கின் குறிப்பைச் சொல்லி எழுத வைப்பதில் தொடங்கினால் அது மனனத்தோடு முடியும். திருகோணமலையில் இராவணனில் தொடங்கலாம். இராமாயணத்தில் பிறன்மனை கவர்ந்தவன். தேவாரத்தில் மலைக்கடியில் நசுங்கி, பாடி அருள் பெற்றவன். கோணமலையின் பாறைப் பிளவு நமக்கு இராவணன் வெட்டு. கன்னியா வெந்நீர்க் கிணறுகளோ தாயின் கிரியைக்காக அவன் உண்டாக்கியவை என்பது ஐதீகம். 2019இல் விண்ணுக்குப் போன இலங்கைச் செய்மதிக்கும் 'இராவணா-1' என்றே பெயர். ஆள் ஒருவன்தான், அவன் நிற்கும் இடம் கதைக்குக் கதை வேறு. நாட்டார் கதை ஆய்வாளர் விளாதிமிர் புரொப் 1928இல் ரஷ்ய மாயக்கதைகளை 31 செயல்களாகவும் 7 பாத்திர வட்டங்களாகவும் பிரித்தபோது செய்ததும் இதுதான்: செய்பவரையும் செயலையும் தனித்தனியே வைத்தார். இராவணனுக்குப் பிறகு புரொப்பைக் கொடுத்தால் இறங்கும். முதலிலேயே கொடுத்தால் 31உம் பாடமாகும், வேறொன்றும் நடக்காது.

நேரத்துக்கு 80 நிமிட இரட்டைப் பாடவேளை போதும். எட்டு நிமிடத் துண்டு ஒன்றை முதலில் சத்தமில்லாமல், பிறகு படத்தை மறைத்துச் சத்தம் மட்டும், கடைசியில் முழுதாக. துண்டு பத்து நிமிடத்தைத் தாண்டினால் பிள்ளைகள் கதைக்குள் போய்விடுவார்கள், பேனா ஓடாது. பாட்டை வெட்டாதீர்கள். கதாநாயகனின் முதற்பாட்டு, கூத்தில் வரவுத்தரு (பாத்திரம் அரங்குக்கு வரும்போது பாடப்படும் பாட்டு) செய்யும் வேலையைச் செய்கிறது; வருபவர் யார், எப்படிப்பட்டவர் என்ற தகவல் அதற்குள்தான் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. எங்கள் வகுப்புகள் பலவற்றில் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். உள்ளூர் நகைச்சுவைத் துண்டுகளில் வரும் முஸ்லிம் வியாபாரியையும் மலையக வேலைக்காரியையும் முதல் நாளே எடுத்தால் பாடம் சண்டையாகும், அல்லது எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். தூரத்துப் படத்தில் கை பழகிய பிறகு, மூன்றாவது நான்காவது பாடத்தில் இவற்றை எடுக்கலாம். எடுக்காமல் விடுவது சரியல்ல.

தங்கள் சினிமாப் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். புள்ளி போடும் பெட்டிக்குக் கீழே இரண்டு வரி இடம் விடுங்கள்: படத்தில் யாருடைய பேச்சுவழக்கு சிரிப்புக்குப் பயன்படுகிறது, பெயரில்லாமல் சாகிறவர்கள் யார். பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி வகுப்புக்குக் கொண்டுவருவார்கள்.

இப்படிக்கு,
ஊடகக் கற்கை, நாடக ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை