விளையாட்டுப் பக்கத்தில் விதிகளுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். விடுதியில் தங்கியிருக்கிறேன். வீட்டில் இருந்த வரை, காலையில் பத்திரிகை வந்ததும் விளையாட்டுப் பக்கத்துக்கு இரண்டு பேர் காத்திருப்போம், நானும் என் பாட்டியும். முந்தைய இரவு ஆட்டம் பார்த்ததால் பாட்டிக்கு முடிவு தெரியும், ஸ்கோரும் தெரியும். அவர் தேடுவது வேறு. ஆட்டத்தின் நடுவே நான் சொன்ன விளக்கம் சரிதானா என்று பார்ப்பார். சரியாக இருந்தால் அந்த வரியின் அடியில் பேனாவால் ஒரு கோடு போடுவார். ஆனால் பெரும்பாலான நாட்களில் அப்படி ஒரு வரியே பக்கத்தில் இருக்காது. அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

உலக அளவில் எந்தப் போட்டி வந்தாலும் நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்துதான் பார்ப்போம். அப்பாவுக்குக் கிரிக்கெட், அம்மாவுக்கு டென்னிஸ், தம்பிக்குக் கால்பந்து, எனக்குத் தடகளம் என்றால் உயிர். பாட்டிக்கு எல்லாமே வேண்டும். ஆனால் எதையும் புரியாமல் பார்க்க மாட்டார். "அவன் நல்லாத்தானே எறிஞ்சான், ஏன் சிவப்புக் கொடி காட்டுறாங்க?" என்பார். பதில் வரும் வரை விட மாட்டார். யார் கேட்டும் எனக்கு அலுக்காத கேள்விகள் அவை. விதிகளைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்ததே அவருக்காகத்தான்.

2019 ஜூலை 14-ஐ எங்கள் வீட்டில் யாரும் மறக்க மாட்டோம். லண்டனில் ஒரே நாளில் இரண்டு இறுதிப் போட்டிகள். டிவியில் உலகக் கோப்பை கிரிக்கெட், இங்கிலாந்தும் நியூசிலாந்தும். சுவரில் சாய்த்து வைத்த அம்மாவின் போனில் விம்பிள்டன், ஃபெடரரும் ஜோகோவிச்சும். நான் அப்போது ஏழாம் வகுப்பு. இரண்டுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது செட்டில் 8-7, 40-15, ஃபெடரரின் சர்வீஸ். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை அவருக்கு. அம்மா எழுந்து நின்றுவிட்டார். இரண்டு வாய்ப்புகளும் போயின. 12-12 வரை இழுத்து, சமனை உடைக்கும் டைபிரேக்கில் ஜோகோவிச் ஜெயித்தபோது 4 மணி 57 நிமிடம் ஆகியிருந்தது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் டிவியில் இரண்டு அணிகளும் 241. சமனாகிவிட்டதால் ஆளுக்கு ஒரு ஓவர் கூடுதலாக ஆடிய சூப்பர் ஓவரிலும் 15, 15. கடைசிப் பந்தில் இரண்டாவது ரன்னுக்கு ஓடிய நியூசிலாந்தின் கப்டில் கிரீஸுக்கு வந்து சேர்வதற்குள் இங்கிலாந்தின் பட்லர் ஸ்டம்பைத் தட்டிவிட்டார். "டை" என்று அப்பா சொல்லி முடிக்கவில்லை, இங்கிலாந்து வீரர்கள் மைதானம் முழுக்க ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

"சமமா இருந்தா ரெண்டு பேருக்கும்தானே?" என்றார் பாட்டி.

பவுண்டரி எண்ணிக்கையைப் பார்ப்பார்கள், இங்கிலாந்துக்கு 26, நியூசிலாந்துக்கு 17 என்று அப்பா விளக்கினார். "அப்போ ஓடி எடுத்த ரன்னுக்கு மதிப்பு இல்லையா?" அப்பாவிடம் இதற்குப் பதில் இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி அந்த விதியை மாற்றியது. இனி அரையிறுதியிலும் இறுதியிலும் ஒரு அணி முன்னிலை பெறும் வரை சூப்பர் ஓவர் தொடரும் என்று அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டியது நான்தான். "நான் அன்னைக்கே சொன்னேனே" என்று அவர் சந்தோஷப்பட்டதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

டென்னிஸில் இன்னொரு விஷயம். அன்றைய ஆட்டத்தில் ஃபெடரர் எடுத்த புள்ளிகள் 218, ஜோகோவிச் எடுத்தது 204. அதிகம் எடுத்தவர் எப்படித் தோற்றார் என்று எனக்கே புரியவில்லை. அம்மா ஒரு தாளில் பெட்டி பெட்டியாகக் கட்டம் போட்டார். ஒரு கேம் முடிந்தால் பெட்டி மூடப்படும், உள்ளே எத்தனை புள்ளி என்று அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. பெட்டிகள் சேர்ந்தால் செட். எண்ணுவது செட்டைத்தான். ஜோகோவிச் ஜெயித்த மூன்று செட்டும் டைபிரேக், மயிரிழையில் வந்தவை. ஃபெடரர் ஜெயித்ததில் ஒன்று 6-1. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் டென்னிஸ் எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது.

ஆனால் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலான நாள் 2021 ஆகஸ்ட் 1. டோக்கியோ ஒலிம்பிக்ஸ், ஆண்கள் உயரம் தாண்டுதல். கத்தாரின் பார்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் 2.37 மீட்டர் வரை ஒரு தடவைகூடக் கம்பியைத் தட்டாமல் வந்திருந்தார்கள். கம்பியை 2.39-க்கு ஏற்றினார்கள். ஆளுக்கு மூன்று முயற்சி, மூன்றும் தவறின. அதிகாரி ஒருவர் இருவரிடமும் வந்து ஏதோ பேச ஆரம்பித்தார். பார்ஷிம் குறுக்கே ஒரு கேள்வி கேட்டார். அதிகாரி தலையசைத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், கை கோத்தார்கள், தம்பேரி பாய்ந்து பார்ஷிமின் மேல் ஏறிக்கொண்டார். அப்புறம் தரையில் விழுந்து உருண்டு அழுதார். வர்ணனை எங்களுக்குப் பழக்கமில்லாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டி என் கையைப் பிடித்து, "என்னம்மா ஆச்சு? யார் ஜெயிச்சது?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் பாட்டி. மறுபடி தாண்டிப் பார்க்கலாம்னு சொன்னாங்க. ரெண்டு தங்கம் தர முடியுமான்னு இவர் கேட்டார். தரலாம்னு சொல்லிட்டாங்க."

பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். 2016-இல் ரியோ ஒலிம்பிக்ஸுக்குச் சில வாரங்கள் முன்பு தம்பேரிக்குக் கணுக்காலில் அடிபட்டது. அப்போது காலில் போட்டிருந்த மாவுக்கட்டை அவர் டோக்கியோ மைதானத்துக்குக் கொண்டு வந்திருந்தார். அதில் டோக்கியோவுக்குப் போகும் பாதை என்று எழுதி, 2020-ஐ அடித்துவிட்டு 2021 என்று போட்டிருந்தார். கேமரா அதைக் காட்டியபோது வீட்டில் யாரும் பேசவில்லை.

தம்பிதான் அடுத்த கேள்வியைக் கேட்டான். பெலாரஸின் நெடசேகாவும் 2.37 தாண்டினாரே, அவருக்கு மட்டும் ஏன் வெண்கலம்? நான் ஒரு தாளில் மூன்று பெயரையும் எழுதி, தாண்டினால் வட்டம், தவறினால் பெருக்கல் குறி என்று போட்டுக் காட்டினேன். உயரம் சமமாக இருந்தால் அந்த உயரத்தில் யாருக்குத் தவறு குறைவு என்று பார்ப்பார்கள், அதுவும் சமமென்றால் முதலிலிருந்து செய்த தவறுகளை எண்ணுவார்கள். பாட்டி அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அப்போ ஆரம்பத்துல செஞ்ச தப்பும் கடைசி வரைக்கும் கூடவே வருதா?" என்றார். நான் விதியை மனப்பாடம் செய்திருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் அந்தப் பட்டியலில் ஒரு மனிதரின் சாயங்காலம் முழுவதும் எழுதியிருப்பது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் பத்திரிகையில் இருவரும் கட்டிப்பிடித்த படம் அழகாக வந்திருந்தது. ஏன் இருவருக்கும் தங்கம், மூன்றாமவருக்கு ஏன் இல்லை என்று ஒரு வரியும் இல்லை. பாட்டி பேனாவை எடுத்து வைத்துவிட்டு மறுபடி மூடினார்.

ஒருமுறை உங்கள் பத்திரிகை அதைச் செய்திருக்கிறது என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். 2022 டிசம்பர் 1, உலகக் கோப்பை கால்பந்தில் ஜப்பானும் ஸ்பெயினும் மோதிய ஆட்டம். ஜப்பானின் மிதோமா கோல் கோட்டின் ஓரத்திலிருந்து பந்தைத் திருப்பித் தட்ட, சக வீரர் தனாகா உள்ளே தள்ளினார். பந்து வெளியே போய்விட்டது என்றார் பாட்டி. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. வீடியோவைச் சோதித்து கோல் என்று அறிவித்தார்கள். தம்பி தன் ரப்பர் பந்தைக் கொண்டுவந்து தரையில் இரண்டு டைல்ஸ்களுக்கு நடுவே உள்ள கோட்டை ஒட்டி வைத்தான். நாற்காலியிலிருந்து பார்த்தால் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே தரை தெரிந்தது. "இப்ப எழுந்து வந்து நேரா மேலேர்ந்து பாருங்க பாட்டி" என்றான். மேலிருந்து பார்த்தபோது பந்தின் வயிறு கோட்டின் மேல் நின்றது. முழுப் பந்தும் முழுக் கோட்டையும் கடந்தால்தான் வெளியே. அந்த ஒரு கோலால் ஜப்பான் 2-1 என்று ஜெயித்தது. அதே நேரத்தில் கோஸ்டாரிகாவை 4-2 என்று வென்றும் ஜெர்மனி வெளியேறியது. மறுநாள் நீங்கள் மேலிருந்து எடுத்த படத்தைப் போட்டு, கீழே இரண்டு வரியில் விதியையும் எழுதியிருந்தீர்கள். பாட்டி அதை வெட்டி எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறார். இன்றும் இருக்கிறது.

இப்போது நான் விடுதியில் இருப்பதால் ஆட்டம் நடக்கும்போது போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள். 2025 நவம்பர் 2-ஆம் தேதி மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டியை அப்படித்தான் பார்த்தோம். என் போனில் படம் வீட்டு டிவியைவிடச் சில நொடி பின்னால் வரும். இந்தியக் கேப்டன் ஹர்மன்பிரீத் பின்னால் ஓடி, வெற்றியைத் தந்த அந்தக் கடைசி கேட்ச்சைப் பிடித்தபோது, என் திரையில் தீப்தி இன்னும் பந்து வீசவே இல்லை. அப்பா கத்தியதும் தம்பி குதித்ததும் முதலில் கேட்டுவிட்டது. அப்புறம் நான் தனியாக அந்தப் பந்தைப் பார்த்தேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என்றால் என்ன என்று அன்று இரவு நன்றாகத் தெரிந்தது.

ஆட்டம் பார்த்தால் படிப்பு கெடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ஈட்டி எறிதலை, "ஆறு சுற்று முடியட்டும், அப்புறம் படுத்துக்கோ" என்று அம்மா அனுமதித்தார். பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்ததையும், ஆறில் ஐந்து முறை ஃபவுல் ஆன நீரஜ் ஒரே ஒரு செல்லுபடியான வீச்சில், 89.45-இல், வெள்ளி வாங்கியதையும் பார்த்துவிட்டுப் படுத்தேன். காலையில் வழக்கம்போல வகுப்புக்குப் போனேன். அவ்வளவுதான்.

என் வேண்டுகோள் இதுதான். பெரிய போட்டிக்கு முந்தைய நாள், விளையாட்டுப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். நாளை என்ன ஆட்டம், வாசகர் கடிகாரப்படி எத்தனை மணிக்கு, அதில் ஒரே ஒரு விதி, எளிய தமிழில், முடிந்தால் படத்தோடு. ஈட்டியில் எது ஃபவுல், ஆஃப்சைடை எந்த நொடியில் கணக்கிடுகிறார்கள் என்பது போல. இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்று கேட்கலாம். நானும் அங்கேதான் தேடுகிறேன். ஆனால் தேடிப் படித்துவிட்டு நிமிர்வதற்குள் கோல் விழுந்து முடிந்திருக்கும். முந்தைய நாளே படித்திருந்தால் எல்லாருமே நிமிர்ந்து பார்க்கலாம். பாட்டி போன்றவர்களுக்குக் கையில் பிடித்து, கோடு போட்டு, மறுபடி படிக்க ஒரு தாள் வேண்டும். ஆட்டத்தின் நடுவே பக்கத்தில் இருந்து சொல்ல இப்போது நான் இல்லை.

2026 ஜூன் 11-ஆம் தேதி அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் கால்பந்து உலகக் கோப்பை தொடங்குகிறது. கடந்த முறை 32 அணிகள், இம்முறை 48. மொத்தம் 104 ஆட்டங்கள். 12 பிரிவுகளில் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் அணிகள் நேராக அடுத்த சுற்றுக்குப் போகும். அது 24. மூன்றாம் இடம் பிடிக்கும் 12 அணிகளில் சிறந்த எட்டும் போகும். வேறு வேறு பிரிவில், வேறு வேறு எதிரிகளோடு ஆடிய அணிகளை எப்படி ஒப்பிட்டு எட்டைப் பிரிப்பார்கள் என்பதை முதல் வாரத்திலேயே நீங்கள் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, பாட்டி தம்பியின் பழைய நோட்டு ஒன்றில் ஸ்கேல் வைத்து 12 கட்டங்கள் போட்டு முடித்திருந்தார். ஒவ்வொன்றிலும் நான்கு வரிசை. கடைசிப் பக்கத்தில் தனியாக எட்டு கோடுகள் போட்டு, மேலே மூன்றாம் இடம் என்று எழுதி, அதன் கீழே காலியாக விட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
கல்லூரி மாணவி ஒருத்தி