கறுப்பு ஏஞ்சல் கலப்பினம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் நடந்த ஒரு வண்ண மீன் கண்காட்சியின் படங்களை உங்கள் நாளிதழில் பார்த்தேன். ஒரு படத்தில் இடப்பக்க ஓரமாகத் தெரியும் கறுப்பு ஏஞ்சல் என்னுடையது. அதன் தொட்டியில் ‘கலப்பினம்’ என்று ஒட்டியிருந்த சீட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கொளத்தூரில் 24 ஆண்டுகளாக ஏஞ்சல் வளர்க்கிறேன். ஏஞ்சல், டிஸ்கஸ், பிளவர்ஹார்ன் எல்லாம் சிக்லிட் குடும்பம். நாம் குழம்பு வைக்கும் ஜிலேபிக் கெண்டையும் கேரளத்துக் கரிமீனும் அதே குடும்பம்தான். கண்காட்சியின் பதிவுப் படிவத்தில் சிக்லிட்டுக்கு இரண்டே கட்டங்கள் இருந்தன: இயற்கை இனம், கலப்பினம். நான் இரண்டையும் நிரப்பாமல் ‘தேர்ந்தெடுத்து வளர்த்தது’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். நடுவர் மீனைப் பார்த்தார். “இந்த நிறத்தில் ஆற்றில் ஏஞ்சல் கிடையாது. அப்படியானால் கலப்பினம்தானே?” என்றார். தொட்டியைத் தூக்கி பிளவர்ஹார்ன் வரிசையில் வைத்துவிட்டார்கள்.

அவர் சொன்னதில் முதல் பாதி சரி. அமேசானில் பிடிபடும் ஏஞ்சல் வெள்ளி உடம்பும் கறுப்புப் பட்டைகளுமாகத்தான் இருக்கும். என் மீனை இயற்கை இனப் பிரிவில் வையுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் இரண்டாம் பாதி தவறு. வேறோர் இனத்தின் ரத்தம் சேர்ந்தால்தான் கலப்பினம். பிளவர்ஹார்ன் அப்படி வந்தது. 1990களில் மலேசியாவில் மத்திய அமெரிக்க சிக்லிட்டுகள் பலவற்றை ஒன்றோடொன்று சேர்த்து உண்டாக்கினார்கள். வாயை முழுதாக மூட முடியாத பிளட் பேரட் மீனும் 1980களில் தைவானில் அப்படி வந்தது. என் தொட்டிகளில் 1823இல் ஸ்கேலரே என்று பெயர் வைக்கப்பட்ட அந்த ஒரே ஏஞ்சல் இனத்தைத் தவிர வேறெதுவும் நுழைந்ததில்லை.

கறுப்பு எப்படி வருகிறது என்று சொல்கிறேன். ஏஞ்சலிலேயே கருமை தரும் மரபணு ஒன்று இருக்கிறது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குஞ்சின் மேல் கறுப்பு வலைத்துணி போர்த்தியதுபோல் இருக்கும். அதை பிளாக் லேஸ் என்கிறோம். இருவரிடமிருந்தும் வந்தால் முழுக் கறுப்பு. ஆனால் முழுக் கறுப்புக் குஞ்சுகள் நோஞ்சானாக இருக்கும், மெதுவாகத்தான் வளரும். அதனால் கறுப்பையும் லேஸையும் ஜோடி சேர்ப்பேன். ஓர் ஈட்டுக் குஞ்சுகளில் பாதிக்குப் பாதி கறுப்பு கிடைக்கும். சாய்த்து வைத்த கடப்பாக்கல் துண்டில் முட்டைகளை வரிசை வரிசையாக ஒட்டிவிட்டு, ஆணும் பெண்ணும் மாறி மாறிச் செட்டையால் விசிறிக்கொண்டே இருக்கும். இரண்டரை நாளில் பொரியும். குஞ்சு நீந்தத் தொடங்கியதும் ஆர்டீமியா என்ற பொடி உப்புநீர் இறாலைக் கொடுக்க வேண்டும். செட்டை நிமிர்ந்த பிறகுதான் பொறுக்கும் வேலை. முதுகுச் செட்டை வளைந்தது, செவுள் மூடி குட்டையானது, கறுப்பில் பழுப்பு ஓடியது எல்லாவற்றையும் ஒதுக்குவேன். ஓர் ஈட்டில் எனக்கு ஐந்தாறு மீன் தேறினால் அது நல்ல ஈடு.

என் அப்பா திருவள்ளூர்ப் பக்கம் நெல் விவசாயி. அறுவடைக்கு முன்பே வயலில் இறங்கி, திரண்ட கதிராகப் பார்த்துக் கிள்ளி, விதைக்கென்று தனியே கட்டி வைப்பார். அந்த நெல்லை யாரும் வீரிய ஒட்டுரகம் என்று சொன்னதில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் என் தொட்டிகளுக்குள் தெருத் தண்ணீர் புகுந்தது. மிஞ்சியவை மூன்று மீன்கள். மின்சாரம் இல்லாத நாட்களில் அவற்றை அண்டாவில் விட்டு, காற்றுக்காக நானும் என் மகளும் முறை வைத்து டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினோம். மூன்றை மட்டும் வைத்து வளர்த்தால் உறவுக்குள்ளேயே கொடுத்து வாங்கி வம்சம் நலிந்துவிடும். அதனால் இன்னொரு வளர்ப்பாளரிடமிருந்து லேஸ் பெண் மீன் ஒன்றை வாங்கிச் சேர்த்தேன். இதைக் கேட்ட ஒருவர், “அப்போது கலப்பு வந்துவிட்டதே” என்றார். அசலில் சம்பந்தம் செய்தால் பிள்ளை வேறு இனமாகிவிடுமா? அதுவும் ஏஞ்சல்தானே. இதுவெல்லாம் தேதியோடு என் குறிப்பேட்டில் இருக்கிறது.

இன்னொன்றும் அந்தக் கண்காட்சியில் பார்த்தேன். மலாவி ஏரி மீனான பீகாக்கில், உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக இருக்கும் ஓ.பி. பீகாக், இயற்கை இனப் பிரிவில் இருந்தது. அந்தத் திட்டு பீகாக்குக்குச் சொந்தமில்லை. பாறைப் பாசி மேயும் எம்புனா மீன்களோடு சேர்த்ததால் வந்தது. உண்மையான கலப்பினம் அதுதான். நிறத்தை மட்டும் பார்த்துப் பிரித்தால் இப்படித்தான் தலைகீழாகும்.

கலப்பினத்தின் மேல் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் பெயர் மாறக்கூடாது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில், நம் கொடுவாவுக்கு நெருங்கிய உறவான நைல் பெர்ச் மீனை 1950களில் கொண்டுவந்து விட்டார்கள். பெருமளவு அதனால்தான் அங்கிருந்த சிக்லிட்டுகளில் சுமார் 200 இனங்கள் மறைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சில இனங்கள் வளர்ப்பவர்களின் தொட்டிகளில்தான் பிழைத்திருக்கின்றன. அங்கே ஒரு ஜோடி தவறான பெயரில் கைமாறினால் போனது போனதுதான்.

டிஸ்கஸ் சிக்கலானது, ஒப்புக்கொள்கிறேன். காட்டு டிஸ்கஸிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. இன்றைய வண்ண டிஸ்கஸ் பலவற்றில் அவை கலந்தும் இருக்கின்றன. டிஸ்கஸ் வளர்க்கும் நண்பர்கள் கோபிக்கக்கூடாது, வம்சவழி தெரியாத மீனைத் ‘தேர்ந்தெடுத்து வளர்த்தது’ என்று நான் ஏற்கமாட்டேன்.

நான் கேட்பது மூன்றாவது ஒரு கட்டம். ‘தேர்வினம்’ என்று அதற்குப் பெயர் வைக்கலாம். அதில் சேர விரும்புகிறவர் குறைந்தது மூன்று தலைமுறைக் குறிப்பேட்டைக் காட்டட்டும். காட்ட முடியாதவர்களுக்கு ‘வம்சவழி தெரியாதவை’ என்று தனி வரிசை வையுங்கள். கண்காட்சி முடிந்த மறுநாளே என்னிடம் வழக்கமாக வாங்கும் கடைக்காரர், “கலப்பு மீன்தானே அக்கா” என்று விலையைக் குறைத்துக் கேட்டார். எங்கள் தெருவில் இப்போதுதான் தொட்டி கட்டும் பிள்ளைகள், இரண்டு வருடம் பொறுக்கி வளர்ப்பதைவிட எதையாவது கலந்து விற்பது லாபம் என்று நினைத்தால் அவர்களை நான் என்ன சொல்லித் தடுப்பேன்?

அடுத்த கண்காட்சிக்குப் படிவம் அச்சிடுவதற்கு முன் அமைப்பாளர்கள் ஒரு மாலை எங்கள் தெருவுக்கு வரட்டும். என்னிடம் குறிப்பேடுகள் ஏழு இருக்கின்றன. வெள்ளத்தில் நனைந்த முதல் இரண்டில் மை கரைந்திருக்கிறது, ஆனால் படிக்க முடியும்.

இப்படிக்கு,
ஏஞ்சல் வளர்க்கும் ஒரு வாசகி,
கொளத்தூர், சென்னை.