டவருக்கு எதிரான மனு

தண்டையார்பேட்டை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்கு வளைகாப்பு முடிந்து வீட்டோடு வந்து இருக்கிறாள். மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் ஓடுவதால் திருவொற்றியூர் கோயிலுக்குப் போய்வருவது எனக்குச் சுலபமாகிவிட்டது.

நம்ம தெருவில் மாடி மேல் செல்போன் டவர் வரப்போவதையும், அதன் கதிர்வீச்சு உடம்புக்குக் கெடுதல் என்று எதிர்த்து மனு சுற்றுவதையும் உன் தம்பி சொல்லியிருப்பான். நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டிருக்கிறாய். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவன், அந்தப் பக்கம்தான் பேசுவான் என்று தெருவில் சொல்கிறார்கள். உனக்காவது காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன்.

டவரிலிருந்து வருவதும் கைபேசியிலிருந்து வருவதும் ரேடியோ அலைதான். எக்ஸ்ரே மாதிரி உயிரணுவுக்குள் போய் மூலக்கூறுகளை உடைக்கிற சக்தி அதற்குக் கிடையாது. உடம்பில் அது செய்வதாக உறுதிப்பட்டிருப்பது லேசாகச் சூடேற்றுவது ஒன்றுதான். அதுவும் தூரம் இரண்டு மடங்கானால் வலு நாலில் ஒரு பங்காகிவிடும். ஆன்டெனா அலையைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் அனுப்பும். நேர் கீழே இருக்கிற வீட்டுக்கு வருவது குறைவு. 2012 செப்டம்பரில் நம் அரசாங்கம் டவர் அலையின் வலுவுக்கு வரம்பு வைத்தபோது, கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேசக் குழு பரிந்துரைத்ததில் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொண்டது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அவர்கள் சொன்னது சதுர மீட்டருக்கு 4.5 வாட், இங்கே 0.45. சந்தேகம் இருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் பணம் கட்டி அளக்கச் சொல்லலாம். மனு போடுவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள் என்றுதான் தெருக்காரர்களிடம் சொன்னேன்.

தலையை ஒட்டி நாம் வைத்துக்கொள்வது கைபேசியைத்தான். டவர் தூரத்தில் இருந்தால் கைபேசி தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். காசிமேட்டில் தள்ளி நிற்கிற படகுக்காரனிடம் தொண்டை கிழியக் கத்திப் பேசுவார்களே, அதே கதைதான். நம்ம சந்துகளில் கீழ்வீட்டு உள்ளறையில் சிக்னல் ஒரு கோடு காட்டும்போது காதில் வைத்து ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். கைபேசி முழு வலுவோடு வேலை செய்வது அப்போதுதான். பக்கத்தில் டவர் வந்தால் அது குறையும். டவரைத் துரத்திவிட்டால் தலைக்கு ஏறுகிற அளவு கூடத்தான் செய்யும். இதைச் சொன்னால் யாரும் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

அதனால் வீட்டில் சொல்லி வைத்திருப்பது இவ்வளவுதான்: நீளமாகப் பேச வேண்டுமென்றால் ஸ்பீக்கரில் போடு, இல்லையென்றால் இயர்போன் மாட்டு. சிக்னல் இல்லாத இடத்தில், லிஃப்டில், ஓடுகிற ரயிலில் பேச்சைச் சுருக்கு. தலையணைக்கடியில் வைத்துத் தூங்காதே. மாமியார் பேச்சைக் கேட்டுப் பெரியவள் கைபேசியைத் தொடவே பயந்தாள். பயப்படாதே, வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு படம் பார்க்காமல் இருந்தால் போதும் என்றேன். அதில் நஷ்டம் எதுவும் இல்லையே. கதிர்வீச்சைத் தடுக்கும் என்று பஜாரில் ஒரு ஸ்டிக்கர் விற்கிறார்கள், அதை மட்டும் வாங்கிவிடாதே. அது அலையை மறைத்தால் கைபேசி இன்னும் கூடுதல் வலுவோடு அனுப்பப் பார்க்கும், அவ்வளவுதான் பலன்.

உன் கைபேசியில் *#07# என்று அழுத்திப் பார். சார் (SAR) என்கிற அளவு பெரும்பாலும் அதில் வரும். ஒரு கிலோ உடம்பில் எத்தனை வாட் சேர்கிறது என்கிற கணக்கு அது. இந்தியாவில் வரம்பு 1.6. ஆனால் அது முழு வலுவில் அளந்த எண். 0.9 போட்டிருக்கிற கைபேசி 1.2 போட்டதைவிட தினப்படி உபயோகத்தில் நல்லது என்று அர்த்தம் இல்லை.

புற்றுநோய் பயம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருந்தாய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2011-இல் ரேடியோ அலையை 2பி என்கிற வகையில் வைத்தது. காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு, சான்று போதாது என்று பொருள். 2024-இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டு, அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, கைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை.

அதே பிரிவு 2013-இல் வெளிக்காற்று மாசை முதல் வகையிலேயே வைத்துவிட்டது. புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான வகை அது. செல்வம், எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலும் மணலி ஆலைப் புகையும் நம் வீட்டு ஜன்னலுக்குள் வருகிறதே! 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தது. அதே மாதத்தில் அமோனியாவும் கசிந்து ஜனங்கள் ராத்திரியில் ஓடினார்கள். அதற்கு நம்ம தெருவில் ஒரு தாள்கூடச் சுற்றவில்லை. டவருக்கு மட்டும் இத்தனை கையெழுத்து. இதுதான் என் வருத்தம். காற்றை அளந்து வாராவாரம் தெருவில் எழுதிப் போடச் சொல்லி ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் உன் தம்பியிடம்தான் போவேன்.

ஒன்றை விட்டுவிட்டேன், எல்லாவற்றையும்விட அவசரமானது அதுதான். அண்ணனுக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். கைபேசியைச் சட்டைப்பையில் வைக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல். கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். பேஸ்மேக்கர் இடப்பக்கம் என்றால் வலது காதில் வைத்துப் பேசட்டும். சில புது கைபேசிகளில் பின்பக்கம் காந்தம் இருக்கிறது. கிட்டத்தில் வைத்தால் அது பேஸ்மேக்கரின் ஓட்டத்தையே மாற்றிவிடக்கூடும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது கைபேசியையும் எடுத்துப் போய்க் காட்டட்டும். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
மணி