கீற்றுக்கும் மூங்கிலுக்கும் பாடத்தில் இடம் கொடுங்கள்

கட்டடக்கலைக் கல்லூரிகளில் பாடத்திட்டம் வகுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் கட்டட வடிவமைப்புத் தொழிலில் இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களோடு பேசும்போதெல்லாம் மனத்தில் ஓடுவதை உங்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். கட்டடக்கலை வரலாறு என்ற பெயரில் நாம் கற்பிப்பது, காலத்தில் மிஞ்சி நின்றவற்றின் வரலாறு மட்டும்தான். பிரமிடு, கிரேக்கத்துப் பார்த்தினான் கோயில், ரோமின் பாந்தியன் கோயில், ஐரோப்பாவின் கோதிக் தேவாலயங்கள், அப்புறம் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி, கண்ணாடிக் கோபுரங்கள். நம் பக்கம் வந்தால் மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில். இவற்றில் எதையும் நீக்கச் சொல்லவில்லை. ஆனால் நம் முன்னோரில் பெரும்பாலோர் குடியிருந்தது மண்சுவருக்குள், கீற்றுக்கும் வைக்கோலுக்கும் கீழே. அவர்கள் கட்டிய விதம் பாடத்தில் ஓர் ஓரமாகக்கூட இல்லாமல் போவது எனக்கு ஆறவில்லை.

அழிந்துபோனதை எப்படிக் கற்பிப்பது என்று கேட்பீர்கள். அதற்குக் கல்லே சாட்சி சொல்கிறது. பீகாரில் பராபர் குன்றில் லோமச ரிஷி குகை இருக்கிறது, கி.மு. 3ஆம் நூற்றாண்டு, மௌரியர் காலம். அதன் வாசலைப் பாருங்கள். வளைத்த மரச்சட்டங்களின் மேல் கூரை வேய்ந்த ஒரு குடிசையின் முகப்பைப் பாறையில் அப்படியே செதுக்கியிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்துக் கார்லா பௌத்தக் குகையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மலையைக் குடைந்த மண்டபத்துக்குக் கூரையைத் தாங்க மரம் எதற்கு? இருந்தும் தேக்கு வளைவுகளைக் கொண்டுவந்து மேற்கூரையில் பொருத்தினார்கள். ஏறத்தாழ 2000 ஆண்டு ஆகியும் அவை அங்கே இருக்கின்றன. எகிப்தில் சக்காராவின் கல்தூண்கள் நாணல் கட்டுகளைப் போலச் செதுக்கப்பட்டவை. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதம் கூரைவீடேதான்.

விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டுக் குடைவரையில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு கல்வெட்டு விட்டுப்போயிருக்கிறான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரம்மன், ஈசன், திருமால் மூவருக்கும் இந்தக் கோயிலை எடுத்தேன் என்கிறான். 7ஆம் நூற்றாண்டு மன்னன் இதைப் பெருமையாகச் சொல்கிறான் என்றால், அதற்கு முன் கோயில்களை எதைக் கொண்டு கட்டினார்கள் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. மாணவர்களுக்கு இந்த ஒரு வரியை வைத்தே ஒரு வாரம் பாடம் நடத்தலாம்.

ஆவுடையார்கோயிலின் கொடுங்கையை, அதாவது கூரைபோல் சரிந்து நீளும் கல் இறவாரத்தைப் பார்க்கவும் கூட்டிப்போங்கள். அதற்கு ஈடாகச் செய்ய முடியாது என்று சிற்பிகளே விலக்கிவைத்த வேலை அது. கல்லிலே சட்டங்கள், கல்லிலே ஆணித்தலைகள். ஒரு தச்சரின் கையை நன்றாக அறிந்த கல்தச்சரால்தான் இப்படிச் செதுக்க முடியும். கூரையை ஏன் அப்படிச் சரித்தார்கள், இறவாரம் ஏன் சுவரைத் தாண்டி நீள்கிறது, சட்டத்தை எங்கே முடுக்கினார்கள் என்று கேட்கப் பழகாத மாணவர், அந்தக் கொடுங்கையை அலங்காரம் என்று குறிப்பெழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்.

எல்லாமே அழிந்துவிடவும் இல்லை. நீலகிரியில் தோடர்கள் மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, புல் வேய்ந்து குடில் எழுப்புகிறார்கள். குனிந்து தவழ்ந்தால்தான் உள்ளே போக முடியும். மலைக்குளிருக்கு அந்தச் சின்ன வாசலே பாதுகாப்பு. சென்னையிலோ மெட்ராஸ் டெரஸ் வீடுகள் நாளுக்கு நாள் இடிபடுகின்றன. தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டுவார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்கித் தளஓடு பதிப்பார்கள். கீழே பலகை முட்டுக் கொடுக்காமலே ஒரு தட்டையான கூரை எழும்பிவிடும்! இதைச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1851இல் லண்டனில் ஜோசப் பாக்ஸ்டன் இரும்பையும் கண்ணாடியையும் கொண்டு கட்டிய பளிங்கு மாளிகையை (கிரிஸ்டல் பேலஸ்) நம் மாணவர்கள் வரைந்து காட்டுவார்கள். தங்கள் தாத்தா வீட்டுக் கூரை எப்படி நிற்கிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். பிழை அவர்களுடையது இல்லை. யாரும் அவர்களை அண்ணாந்து பார்க்கச் சொல்லவில்லை.

நான் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. பழைய கட்டடத்தை அளவெடுத்து வரையும் பயிற்சி பல கல்லூரிகளில் ஏற்கெனவே உண்டு. நான் பார்த்தவரை அதற்கான பஸ் கோயிலுக்கும் அரண்மனைக்கும்தான் போகிறது. முதலாம் ஆண்டிலேயே ஒவ்வொரு மாணவரும் தன் ஊரில் ஒரு சாதாரணப் பழைய வீட்டை அளந்து வரையட்டும். திண்ணை, முற்றம், கூரைச்சட்டம், சுவரின் கனம், மழைநீர் போகும் வழி என எல்லாம் அதில் வர வேண்டும். தேர்விலும் அதற்கு மதிப்பெண் கொடுங்கள். மதிப்பெண் இல்லாததை யாரும் படிப்பதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரை, ஒரு தச்சரை வகுப்புக்கு அழையுங்கள். வெளியிலிருந்து வரும் பேராசிரியருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தை அவர்களுக்கும் தாருங்கள்.

வரைந்தவை துறை அலமாரியில் தூசி படிய வேண்டாம். கல்லூரிகள் ஒன்றுசேர்ந்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றிவையுங்கள். வீடு இடிந்த பிறகு அந்தத் தாள்தான் மிஞ்சும். அதன் மூலையில் மாணவரின் பெயரோடு, அந்த வீட்டைக் கட்டிய கொத்தனார், தச்சர் பெயர் தெரிந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். வரும் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களோடு வேலை செய்யும் ஒரு கட்டட வடிவமைப்பாளர்