படிவத்தைத் தமிழில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முடக்குவாதத்துக்கான புது மருந்து ஆய்வில் சேரச் சொல்லி என் அக்காவிடம் ஒரு மருத்துவமனையில் படிவத்தை நீட்டியிருக்கிறார்கள். காலையில் விரல் மடங்காமல் ஜடை பின்னக்கூட முடியாதவர் அவர். கட்டுக் காகிதம், எல்லாம் ஆங்கிலம். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாமா என்று கேட்டதற்கு முகம் சுளித்தார்களாம்.

ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்று பலர் வாரம் ஒருமுறை போடுகிற மெத்தோட்ரெக்சேட்கூட, யாரோ சில நோயாளிகள் முன்வந்து ஆய்வில் சேர்ந்ததால்தான் இந்த நோய்க்கு நிலைத்தது. ஆனால் புரிகிற மொழியில் விளக்க வேண்டும், படிவத்தின் நகலைக் கையில் தர வேண்டும், ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றெல்லாம் மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு மருந்து ஆய்வு விதிகளில் இருப்பதை நோயாளிக்கு யார் சொல்வது?

அப்புறம், நமக்கு வருவது நிஜ மருந்தா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையா என்பது சில ஆய்வுகளில் டாக்டருக்கே தெரியாது. வலி கூடினால் என்ன செய்வார்கள் என்பதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. இப்படிப்பட்ட மருந்து ஆய்வுகளை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் (CTRI) பதிவுசெய்வது 2009 முதல் கட்டாயம், இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் எப்படித் தேடுவது என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒருமுறை விளக்கமாக எழுதுங்கள்.

ஒரு வாசகி, மதுரை